கணவன் அரைகுறையாய்த் தின்ற மருந்து மனைவிக்குப் பலிக்காது



"ரெண்டு நாள் மாத்திரை போட்டேன், காய்ச்சல் விட்டுப் போச்சு. மீதியை எடுத்து வெச்சிருக்கேன், அடுத்த தடவைக்கு ஆகும்." இது பல வீடுகளில் கேட்கிற பேச்சு. சுவர் மாடத்திலோ சாமான் அலமாரியிலோ பாதி காலியான மாத்திரை அட்டை ஒன்று கிடக்கும். அடுத்த மாதம் பிள்ளைக்குச் சளி பிடித்தால் அதிலிருந்து ஒன்றைப் பாதியாக உடைத்துக் கொடுப்போம். டாக்டரிடம் போகிற செலவு மிச்சம் என்று நினைப்போம்.

இதில் மிச்சம் ஒன்றும் இல்லை. பெரிய நஷ்டம்தான் ஒளிந்திருக்கிறது. இன்று அரைகுறையாகத் தின்ற மருந்து, நாளை உங்கள் மனைவிக்கோ, கணவனுக்கோ, பிறக்கப் போகும் குழந்தைக்கோ உயிர் காக்க வேண்டிய நேரத்தில் வேலை செய்யாமல் போகலாம். அது எப்படி என்பதை இந்தத் துண்டுப் பிரசுரம் விளக்குகிறது. இருவரும் சேர்ந்து படியுங்கள். படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கும் படித்துக் காட்டுங்கள்.

எந்த மருந்து எந்தக் கிருமிக்கு?

நோய்க் கிருமிகளில் முக்கியமாக இரண்டு இனம் உண்டு. ஒன்று பாக்டீரியா. காசநோய் என்கிற டி.பி., டைபாய்டு, சீழ் பிடித்த புண், சிறுநீர் எரிச்சலோடு வரும் காய்ச்சல் ஆகியவை பெரும்பாலும் பாக்டீரியாவால் வருபவை. மற்றொன்று வைரஸ். சாதாரணச் சளி, மூக்கு ஒழுகல், ஃப்ளூ காய்ச்சல், டெங்கு, சின்னம்மை ஆகியவை வைரஸால் வருபவை.

டாக்டர்கள் "ஆன்டிபயாடிக்" என்று சொல்லும் மருந்து பாக்டீரியாவை மட்டுமே கொல்லும். வைரஸை அது ஒன்றும் செய்யாது. சளிக்கு ஆன்டிபயாடிக் தின்பது, எலிக்கு வைத்த பொறியில் கொசு மாட்டும் என்று காத்திருப்பது போன்றது. சளி ஒரு வாரம் பத்து நாளில் தானே போய்விடும். மாத்திரை தின்றதால் போனது என்று நாம் நம்பிக்கொள்கிறோம்.

பென்சிலினைக் கண்டவர் சொன்ன எச்சரிக்கை

1928ஆம் ஆண்டு லண்டனில் அலெக்சாண்டர் ஃபிளெமிங் என்ற டாக்டர், கிருமி வளர்த்த கண்ணாடித் தட்டு ஒன்றில் பூஞ்சக்காளான் பூத்திருப்பதைப் பார்த்தார். அந்தக் காளானைச் சுற்றிக் கிருமிகள் அழிந்து போயிருந்தன. அதிலிருந்து பிறந்ததுதான் பென்சிலின். அதை மனிதருக்குக் கொடுக்கும் மருந்தாக ஆக்கியவர்கள் ஆக்ஸ்ஃபோர்டில் ஃபுளோரி, செயின் என்ற இருவர். 1945இல் இந்த மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

நோபல் பரிசு உரையிலேயே ஃபிளெமிங் ஓர் எச்சரிக்கை விடுத்தார். அதை ஒரு கணவன் மனைவி கதையாகவே சொன்னார். கணவனுக்குத் தொண்டை வலி. அவர் தானே பென்சிலின் வாங்கிப் போட்டுக்கொள்கிறார். ஆனால் கிருமி சாகிற அளவுக்குப் போடவில்லை. கிருமி அந்த மருந்துக்குப் பழகிக்கொள்கிற அளவுக்குத்தான் போட்டார். பிறகு அந்தக் கிருமி மனைவிக்குத் தொற்றி நிமோனியா காய்ச்சல் வருகிறது. அவளுக்குப் பென்சிலின் கொடுத்தும் பலிக்கவில்லை. அவள் இறந்து போகிறாள். இந்தச் சாவுக்குப் பொறுப்பு யார் என்று ஃபிளெமிங் சபையைப் பார்த்துக் கேட்டார்.

மருந்து உலகத்துக்கே புதிதாக இருந்த காலத்தில் கேட்ட கேள்வி அது. இன்றைக்கு ஒவ்வொரு குடும்பமும் தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வியாக ஆகிவிட்டது.

கிருமி எப்படி மருந்துக்கு அடங்காமல் போகிறது?

நம் மாவட்டத்து விவசாயிக்கு இதை விளக்குவது சுலபம். மல்லாட்டைக் கொல்லையில் புழு விழுந்தால் மருந்து அடிக்கிறோம். முதல் வருஷம் புழு கொத்துக் கொத்தாகச் சாகிறது. அதே மருந்தையே வருஷா வருஷம் அடித்தால், "இந்த மருந்துக்குப் புழு சாகவே மாட்டேங்குது" என்கிறோம். மருந்து மாறவில்லை. முதல் வருஷமே ஆயிரத்தில் ஒரு புழு அந்த மருந்தைத் தாங்கும் உடம்போடு இருந்திருக்கும். மற்றவை செத்தன, அது பிழைத்தது. அதன் குஞ்சுகள் கொல்லையை நிரப்பிவிட்டன.

உடம்புக்குள் கிருமியும் இப்படித்தான். ஒரு வித்தியாசம், புழுவுக்கு ஒரு தலைமுறை பல வாரம். பல பாக்டீரியாக்களுக்கு வசதியான இடம் கிடைத்தால் 20 நிமிஷம் போதும். ஒன்று இரண்டாகும், இரண்டு நாலாகும். இப்படியே தடையில்லாமல் போனால் பத்து மணி நேரத்தில் ஒரு கிருமி 100 கோடிக்கு மேல் ஆகிவிடும். இத்தனை கோடி பிறக்கும்போது ஒன்றிரண்டு மாறிப் பிறக்கும். அப்படி மாறிப் பிறந்தது மருந்தைத் தாங்கினால், அது பிழைத்துக்கொள்ளும்.

தாங்குவதற்குக் கிருமியிடம் பல வழிகள் உண்டு. சில கிருமிகள் மருந்தையே உடைத்துப் போடும் சரக்கு ஒன்றைச் சுரக்கின்றன. சில, படகில் புகுந்த தண்ணீரை இறைத்துக் கொட்டுவது போல், உள்ளே வந்த மருந்தை வெளியே தள்ளிவிடுகின்றன. சில, மருந்து போய் ஒட்டும் இடத்தை மாற்றிக்கொள்கின்றன. பூட்டை மாற்றிய பிறகு பழைய சாவி திறக்குமா? இதற்கு மேல், இந்த வித்தையைப் பக்கத்துக் கிருமிக்கும் கொடுக்கத் தெரிந்த கிருமிகள் உண்டு. வேறு இனத்துக் கிருமிக்குக்கூடக் கொடுத்துவிடும்.

ஒன்றைக் கவனியுங்கள். மருந்துக்கு அடங்காமல் போவது உங்கள் உடம்பு அல்ல, கிருமி. "என் உடம்புக்கு இந்த மருந்து பழகிப் போச்சு" என்று சிலர் சொல்வது சரியல்ல. பழகிப் போன கிருமி உங்களோடு நிற்காது. இருமல் வழியாகவும், கை வழியாகவும், மலம் கலந்த தண்ணீர் வழியாகவும் வீட்டில் உள்ளவர்களுக்கும் ஊருக்கும் போகும். பௌர்ணமி கிரிவலத்துக்கு எந்தெந்த ஊரிலிருந்தோ ஜனங்கள் திருவண்ணாமலைக்கு வந்து போகிறார்கள். கிருமிக்கும் அப்படித்தான், ஊர் எல்லை கிடையாது.

சென்னையில் கண்ட உண்மை

மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுவது எவ்வளவு முக்கியம் என்பதை உலகத்துக்கு எடுத்துக் காட்டிய ஊர்களில் நம் சென்னையும் ஒன்று. அது டி.பி. நோயில் நடந்தது.

டி.பி.க்கு முதலில் வந்த நல்ல மருந்து ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி. 1940களில் அதைத் தனியாகப் போட்டபோது நோயாளிகள் முதல் சில மாதங்களில் நன்றாகத் தேறினார்கள். பிறகு பலருக்கு நோய் திரும்பியது. அடங்காத கிருமி மட்டும் மிஞ்சிப் பெருகியதே காரணம். இன்னொரு மருந்தையும் சேர்த்துக் கொடுத்தபோது இந்த ஆபத்து வெகுவாகக் குறைந்தது.

1956இல் சென்னையில் டி.பி. சிகிச்சை ஆராய்ச்சிக்கென ஒரு மையம் தொடங்கப்பட்டது. அன்றைய சென்னை அரசாங்கம், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை சேர்ந்து அதை நடத்தின. இன்று அது தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயரில் சென்னைச் சேத்துப்பட்டில் இருக்கிறது. (நம் மாவட்டத்துச் சேத்துப்பட்டு வேறு.)

அந்தக் காலத்தில் டி.பி. என்றால் சானடோரியத்தில் சேர்த்து, ஓய்வும் பாலும் முட்டையும் கொடுத்தால்தான் பிழைக்கலாம் என்ற எண்ணம் இருந்தது. டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில் இந்த மையத்தார், ஏழை நோயாளிகளை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவு சானடோரியத்தில். மற்றொரு பிரிவு தங்கள் நெருக்கடியான சிறு வீடுகளிலேயே, கிடைத்த சாப்பாட்டோடு. இரு பிரிவுக்கும் ஒரே மருந்துகள், ஓர் ஆண்டு காலம். வீட்டில் இருந்தவர்களிடம் முன்னறிவிப்பு இல்லாமல் போய் மாத்திரையைப் பார்த்தார்கள். மருந்து உள்ளே போயிற்றா என்று சிறுநீரையும் சோதித்தார்கள்.

1959இல் முடிவு வெளியாயிற்று. வீட்டில் இருந்து மருந்து சாப்பிட்டவர்களும் சானடோரியத்தார் போலவே ஏறக்குறைய அதே அளவு குணமடைந்தார்கள். வீட்டில் கூட இருந்தவர்களுக்கும் அதனால் நோய் அதிகமாகப் பரவவில்லை. கட்டிலும் பாலும் இல்லாவிட்டாலும், மருந்து முறையாக உள்ளே போனால் நோய் போகும் என்று தெரிந்தது. அடுத்து, ஒரே மருந்தைத் தனியாகக் கொடுப்பதையும் இரண்டு மருந்தைச் சேர்த்துக் கொடுப்பதையும் ஒப்பிட்டார்கள். சேர்த்துக் கொடுத்ததே நல்ல பலன் தந்தது.

ஏன் இத்தனை மாத்திரை, ஏன் ஆறு மாதம்?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். பத்து லட்சம் கிருமியில் ஒன்று முதல் மருந்தைத் தாங்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு மருந்தைத் தாங்குவதும் பத்து லட்சத்தில் ஒன்று. இரண்டையும் ஒருசேரத் தாங்குகிற கிருமி ஒரு லட்சம் கோடியில் ஒன்றுதான் இருக்கும். நுரையீரலில் அத்தனை கிருமி இருப்பது அரிது. ஒரு மருந்துக்குத் தப்பியதை மற்றது பிடித்துவிடும். அதனால்தான் இன்று டி.பி.க்கு முதல் இரண்டு மாதம் நாலு மருந்தும், அடுத்த நாலு மாதம் மூன்று மருந்தும் தினமும் கொடுக்கிறார்கள். இவற்றில் உங்களுக்கு எது பிடிக்கிறதோ அதை மட்டும் தின்பது கூடாது.

காலம் ஏன் நீளம்? டி.பி. கிருமி சோம்பேறி. ஒன்று இரண்டாக 15 முதல் 20 மணி நேரம் எடுத்துக்கொள்ளும். சில தூங்கியே கிடக்கும். தூங்குகிற கிருமியை மருந்து எளிதில் கொல்லாது. ஒரு மாதத்தில் இருமல் குறையும், பசி எடுக்கும், உடம்பு தேறும். "நல்லாயிடுச்சே, இனி எதுக்கு?" என்று தோன்றுகிற இந்த நேரம்தான் ஆபத்தானது. கோரையின் தழையை அறுத்துவிட்டுக் கிழங்கை விட்டது போல் ஆகிவிடும்.

பெங்களூருக்கோ சென்னைக்கோ கட்டட வேலைக்குப் போகிறவர்கள் மருந்தை ஊரிலேயே விட்டுவிட்டுப் போவதால் நின்று போவதும் உண்டு. போகும் முன் சுகாதார நிலையத்தில் சொல்லுங்கள். போகிற ஊரிலேயே இலவசமாக மருந்து கிடைக்க ஏற்பாடு செய்து தருவார்கள்.

இரண்டு முக்கிய மருந்துகளுக்கும் அடங்காத டி.பி. வந்துவிட்டால் சிகிச்சை கடினம். முன்பு ஒன்றரை வருஷம், இரண்டு வருஷம் ஆகும். பல மாதம் ஊசியும் உண்டு. அந்த ஊசியால் சிலருக்குக் காது கேட்காமல் போனது. இப்போது புதிய மாத்திரைகள் வந்துள்ளன. 2024இல் மத்திய அரசு ஏற்றுக்கொண்ட முறையில், தகுதியானவர்களுக்கு ஆறு மாதத்தில் முடிக்கலாம். ஆனால் இந்தப் புது மருந்துகளையும் அரைகுறையாகத் தின்று கெடுத்துவிட்டால், அதற்குப் பின் எதை நம்புவது?

கணவன் மனைவி இருவரும் அறிய வேண்டியவை

1. டி.பி. மாத்திரையில் உள்ள ரிஃபாம்பிசின் என்ற மருந்து, மாலா-என் போன்ற கருத்தடை மாத்திரையின் பலனைக் குறைத்துவிடும். மாத்திரை சாப்பிட்டும் கர்ப்பம் தரிக்கக் கூடும். ஆகவே சிகிச்சை நடக்கும்போதும், முடிந்த பின் ஒரு மாதம் வரையிலும் காப்பர்-டி அல்லது நிரோத் போன்ற வேறு முறையைக் கையாளுங்கள். கிராம சுகாதார செவிலியரிடம் கூச்சமின்றிக் கேளுங்கள்.

2. அதே மருந்தால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும். ரத்தம் என்று பயந்து மருந்தை நிறுத்த வேண்டாம். ஆனால் கண் மஞ்சளானால், விடாமல் வாந்தி வந்தால், பார்வை மங்கினால், உடனே டாக்டரிடம் போங்கள்.

3. சிகிச்சை முடிந்த பின் அடுத்த குழந்தையைப் பற்றி யோசிப்பது நல்லது. ஆயினும் நடுவில் கர்ப்பம் ஆகிவிட்டால் மருந்தை நிறுத்தாதீர்கள், டாக்டரிடம் சொல்லுங்கள். ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி மட்டும் கர்ப்பிணிக்குக் கூடாது. வயிற்றுக் குழந்தையின் காதைப் பாதிக்கும். தாய்ப்பால் கொடுப்பதையும் நிறுத்த வேண்டியதில்லை. இருமும்போது வாயை மூடிக்கொண்டால் போதும்.

4. எந்த நோய்க்கு மருந்து எழுதினாலும், கர்ப்பமாக இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். டெட்ராசைக்ளின் போன்ற சில மருந்துகள் குழந்தையின் பல்லில் கறை படியச் செய்யும்.

5. உறவின் மூலம் தொற்றும் நோய் என்று டாக்டர் சொன்னால், இருவரும் ஒரே சமயத்தில் மருந்து சாப்பிட வேண்டும். மனைவி மட்டும் சாப்பிட்டால் கணவனிடமிருந்து கிருமி திரும்ப வரும். மறுபடி மறுபடி மருந்து தின்ன நேரும். கிருமியும் பழகிப் போகும். குற்றம் சாட்டிச் சண்டை போடுவதால் நோய் போகாது. இருவரும் சேர்ந்து போனால் போகும்.

6. வீட்டில் ஒருவருக்கு டி.பி. என்றால் எல்லோரும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். நோய் இல்லாத குழந்தைகளுக்கும் மற்றவர்களுக்கும் தடுப்பு மாத்திரை தருவார்கள்.

பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றால்

சளி, இருமல், மூக்கொழுகலுக்கு வெதுவெதுப்பான நீரும் ஓய்வும் தாய்ப்பாலும் போதும். மூச்சு வேகமாக வாங்கினாலோ, மூச்சு இழுக்கும்போது விலாவின் கீழ்ப் பகுதி உள்ளே குழிந்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, அது நிமோனியாவாக இருக்கலாம். ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் செல்லுங்கள். அங்கே ஆன்டிபயாடிக் உயிர் காக்கும்.

வயிற்றுப்போக்கு பெரும்பாலும் ஆன்டிபயாடிக் இல்லாமலே சரியாகும். உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலத்தை ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் கரைத்து அடிக்கடி கொடுங்கள். துத்தநாக மாத்திரையைச் சுகாதார செவிலியர் சொல்லும் அளவில் 14 நாள் கொடுங்கள். மலத்தில் ரத்தம் கண்டால் டாக்டரிடம் காட்டுங்கள்.

தேவையில்லாமல் தின்ற ஆன்டிபயாடிக், குடலில் இருக்கிற நல்ல பாக்டீரியாவையும் கொன்றுவிடும். அடங்காதவை அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். பிறகு பிரசவத்தின்போதோ, பச்சைக் குழந்தைக்கு ரத்தத்தில் கிருமி ஏறும்போதோ, வழக்கமான மருந்து பலிக்காமல் போகலாம்.

சிலர் கேட்கும் கேள்விகள்

"உடம்பு நல்லான பிறகும் ஏன் சாப்பிடணும்?" டி.பி.யில் கடைசி நாள் வரை கட்டாயம் சாப்பிட வேண்டும். மற்ற நோய்களில் எத்தனை நாள் என்பது நோய்க்கு நோய் மாறும். சிலவற்றுக்கு ஐந்து நாளே போதும் என்று இன்றைய ஆராய்ச்சி சொல்கிறது. நாளை நாமாகக் குறைப்பதும் தவறு, நாமாகக் கூட்டுவதும் தவறு. டாக்டர் சொன்ன அளவு, சொன்ன வேளை, சொன்ன நாள்.

"கடையிலேயே கேட்டு வாங்கினா என்ன?" அட்டையில் சிவப்புக் கோடு போட்டிருந்தால் டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாது என்று பொருள். பல ஆன்டிபயாடிக்குகளை விற்றால் கடைக்காரர் வாங்குபவர் பெயரையும் டாக்டர் பெயரையும் பதிவு செய்ய வேண்டும் என்ற சட்டம் 2014 மார்ச் முதல் நடைமுறையில் உள்ளது.

"பவர் மருந்தா, ஊசியா போடுங்க டாக்டர்னு கேட்டா தப்பா?" வயலுக்கு எவ்வளவு தண்ணீர் என்பது பயிருக்குப் பயிர் மாறுவது போல, எந்தக் கிருமிக்கு எந்த மருந்து என்பது உண்டு. பெரிய மருந்தைச் சின்ன நோய்க்குச் செலவழித்தால், பெரிய நோய்க்கு ஒன்றும் மிஞ்சாது.

"மாட்டுக்குப் போடும் மருந்துக்கும் இதுக்கும் என்ன?" மாட்டுக்கும் கோழிக்கும் கொடுக்கும் ஆன்டிபயாடிக்கிலும் கிருமி பழகும். கால்நடை டாக்டர் சொல்லாமல் போடாதீர்கள். அவர் சொன்ன நாட்கள் வரை அந்தப் பாலைக் கறந்து விற்காதீர்கள்.

நினைவில் வையுங்கள்

* டாக்டர் எழுதாத ஆன்டிபயாடிக்கைத் தொடாதீர்கள்.
* மிச்ச மாத்திரையைச் சேர்த்து வைக்காதீர்கள், அடுத்தவருக்குக் கொடுக்காதீர்கள்.
* இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளியைப் பரிசோதியுங்கள். கிருமி மருந்துக்கு அடங்குமா என்பதையும் இப்போது சோதித்துவிடலாம்.
* டி.பி.க்குச் சோதனையும் மருந்தும் அரசு மருத்துவமனையில் இலவசம். சத்துணவுக்காக மாதம் 1000 ரூபாய் 2024 நவம்பர் முதல் வழங்கப்படுகிறது. வங்கிக் கணக்கு விவரம் கொடுத்துப் பெற்றுக்கொள்ளுங்கள்.
* சந்தேகம் இருந்தால் 104 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.
* கை கழுவுதல், கழிப்பறை, தடுப்பூசி: நோயே வராவிட்டால் மருந்தும் வேண்டாம்.

கணவர் மாத்திரை சாப்பிட்டாரா என்று மனைவி கேட்கட்டும். மனைவி சாப்பிட்டாளா என்று கணவர் கேட்கட்டும். தினமும் ஒரு வார்த்தை கேட்பதற்குக் காசு செலவில்லை. அந்த ஒரு வார்த்தை உங்கள் வீட்டையும் ஊரையும் காக்கும்.